களாக்காயா, பலாக்காயா?

நாளைக்குக் கிடைக்கப்போகும் பலாக்காயைவிட இன்றைக்குக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. அந்தப் பழமொழி எல்லா இடத்திலும் செல்லுமா? போன வாரம் எனக்கே இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

டொரண்டோவில் வேலை பார்க்கும் என் தமக்கை மகள் டெலிபோனில் கூப்பிட்டாள். "சித்தி, ஒரு பேரம் வந்திருக்கிறது. சரி என்று சொல்லலாமா, கூடாதா? இரண்டு வருஷமாக ஆபீஸில் எல்லாரும் என்னைக் கேலி செய்கிறார்கள்" என்றாள். வீடோ, நகையோ என்று நான் பதறிப் போனேன். விசாரித்தால், கற்பனை ஹாக்கி!

அது என்ன கூத்து என்கிறீர்களா? பன்னிரண்டு பேர் கூடிக்கொண்டு, ஆளுக்கொரு ஐஸ் ஹாக்கி கோஷ்டிக்குச் சொந்தக்காரர் என்று பாவித்துக் கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் என்.ஹெச்.எல். பந்தயங்களின் நிஜ ஆட்டக்காரர்களைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக் கொள்கிறார்கள். அவர் அங்கே கோல் போட்டால் இவருக்கு இங்கே புள்ளி! வருஷா வருஷம் புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை முறை வைத்துப் பொறுக்கிக் கொள்வதும் உண்டு. அதற்கு 'டிராப்ட்' என்று பெயர். கடைசியில் நின்றவருக்கு முதல் முறை. ஜெயித்தவருக்குக் கடைசி முறை. அடுத்த வருஷத்து முறையை இந்த வருஷமே விற்கலாம், வாங்கலாம். வம்பு அங்கேதான் ஆரம்பம்!

எங்கள் பெண் பன்னிரண்டில் ஒன்பதாவது. தோழர் ஒருவர், 33 வயதானாலும் கோல்களைக் குவிக்கும் ஆட்டக்காரர் ஒருவரைத் தருகிறாராம். பதிலுக்கு, அடுத்த வருஷம் இவளுக்கு வரவேண்டிய முதல் சுற்று முறையைக் கேட்கிறாராம்.

இதே பேரத்தை நிஜ ஹாக்கியில் செய்து பார்த்தவர்கள் உண்டு. அதுவும் அவள் இருக்கும் டொரண்டோவிலேயே! 2009-ல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கோஷ்டி, ஃபில் கெஸ்ஸல் என்ற ஆட்டக்காரருக்காக 2010, 2011 ஆகிய இரண்டு வருஷத்து முதல் சுற்று முறைகளையும், கூடவே ஓர் இரண்டாம் சுற்று முறையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. கெஸ்ஸல் ஏமாற்றவில்லை. முதல் மூன்று பருவங்களிலும் 30 கோலுக்குக் குறையாமல் போட்டார். ஆனால் கோஷ்டி தேறவில்லை; 30 கோஷ்டிகளில் 29-வதாக வந்தது. அதனால் என்ன ஆயிற்று? விற்றுவிட்ட முறை, டிராப்டிலேயே இரண்டாவது முறையாக உயர்ந்துவிட்டது! அதில் பாஸ்டனுக்கு டைலர் செகின் கிடைத்தார். 2011-ல் பாஸ்டன் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தபோது அந்தப் பிள்ளையும் கூட இருந்தார். அடுத்த முறையில் டகி ஹாமில்டன் கிடைத்தார்.

இன்னொரு கதையும் கேளுங்கள். 2020-ல் டாம்பா பே லைட்னிங் கோஷ்டி, தன் முதல் சுற்று முறையைக் கொடுத்து பார்க்ளே குட்ரோவை வாங்கியது. அவர் ஒன்றும் கோல் குவிக்கிறவர் அல்ல, உழைப்பாளி. அந்த வருஷமும் கோப்பை, அடுத்த வருஷமும் கோப்பை! ஜெயித்தவர் விற்ற முறை என்பதால் அது 31-வதாக, கடைசியில் போய் நின்றது.

பார்த்தீர்களா? இரண்டு பேரும் நாளையை விற்று இன்றையை வாங்கினார்கள். ஒருவர் விற்றது தங்கம்; மற்றவர் விற்றது தவிடு. வாங்கிய ஆளைப் பொறுத்ததல்ல, விற்றவர் நின்ற இடத்தைப் பொறுத்தது அது. கோப்பைக்கு ஒரு படி கீழே நிற்பவர் விற்கலாம். பள்ளத்தில் கிடப்பவர் விற்றால், தன் பள்ளத்தையே பிறருக்குச் சொத்தாக எழுதிக் கொடுக்கிறார்.

சீட்டுப் போடும் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவசரமென்றால் தள்ளுக் கொடுத்து முன்னாலேயே எடுக்கிறோம். இல்லையென்றால் கடைசிவரை பொறுக்கிறோம். ஆனால் பொறுத்தவருக்கெல்லாம் பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது. 1993-ல் ஒட்டாவா கோஷ்டி முதல் முறையில் எடுத்த அலெக்ஸாந்தர் டேக், எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இரண்டாவதாகப் போன கிறிஸ் ப்ராங்கர்தான் பேரும் புகழும் பெற்றார். பிள்ளைகள் தேறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆவதும் சகஜம். அதற்குள் சீட்டுப் பிடிப்பவர் காணாமல் போவதுபோல், கற்பனை லீக்கே கலைந்து போனால்? சேர்த்து வைத்த முறைகளை ஊறுகாய் போடவேண்டியதுதான்!

ஆகவே எங்கள் பெண்ணிடம், "உன் லீக் இன்னும் மூன்று வருஷம் நடக்குமா?" என்று கேட்டேன். "பத்து வருஷமாக நடக்கிறது சித்தி."

"அப்படியானால் உன்னுடையதைக் கொடுக்காதே. கேலிக்குப் பயந்து யாராவது விதைநெல்லைக் குத்துவார்களா? வேறு யாருடைய முறையாவது கைவசம் இருக்கிறதா?"

"இருக்கிறதே! இந்த வருஷம் முதலிடத்தில் இருப்பவரிடம் எப்போதோ வாங்கி வைத்தது."

"அதைக் கொடுத்துப் பார்" என்றேன்.

மறுநாள் மறுபடியும் டெலிபோன். தோழர் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "உனக்கு யார் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாராம்!