அச்சான ஆண்டைப் பாருங்கள்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: புத்தகம் வாங்குமுன் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். தரவுத்தளப் புத்தகம் பழையதானாலும் பயமில்லை. கணினி அறிஞர் எட்கர் கொட் 1970இல் வகுத்த, தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறை மாதிரிதான் இன்றும் அத்திவாரம். மீன் வாடிக் கணக்கில் ஒரே ஆளின் தொலைபேசி இலக்கத்தைப் பத்துப் பக்கத்தில் எழுதிவைத்தால், இலக்கம் மாறும்போது பத்து இடத்திலும் திருத்த வேண்டும். ஓரிடம் தவறினாலும் எது சரி என்று தெரியாது. ஒரு விவரத்தை ஓரிடத்தில் மட்டும் வை என்ற இந்தப் பாடம் பழசாகாது. இணைய நிரலாக்கம் அப்படியல்ல. பிஎச்பி என்ற இணைய நிரல் மொழியின் 2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பு, தரவுத்தளத்துக்கு வினவல் அனுப்பும் ‘மைஎஸ்கியூஎல்_குவரி’ என்ற பழைய கட்டளையையே நீக்கிவிட்டது. அதைச் சொல்லித்தரும் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் நிரல் ஓடாது. அதைவிட ஆபத்து, பயனர் தட்டும் பெயரை அப்படியே வினவலோடு ஒட்டும் பழக்கம்: பெயர்ப் பெட்டியில் கட்டளையை எழுதியே ஒருவர் உள்ளே புகுந்துவிடலாம். அந்த ஆபத்தைப் பற்றி ஓர் அத்தியாயம்கூட இல்லாத புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அட்டவணை அமைக்க நூலகத்தின் பழைய பிரதி போதும். இணையத்துக்குப் புதிய பதிப்பையே தேடுங்கள்.