மடக்குக் கட்டிலும் மனித மாண்பும்

ஒற்றையறை வீட்டைப் புதுப்பித்து அழகுபடுத்துவது எப்படி என்று கற்பிக்கும் கட்டுரைகளும் படங்களும் இன்று பெருகிவிட்டன. சுவருக்கு வெள்ளை வண்ணம் பூசுங்கள், எதிர்ச்சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி மாட்டுங்கள், கட்டிலைச் சுவருக்குள் மடக்குங்கள், இருநூறு சதுர அடியும் அரண்மனையாகும் என்கின்றன அவை. கண்ணாடி மாட்டினால் அறை இரு மடங்காகத் தோன்றும் என்பது மெய்தான். ஆனால் கண்ணாடிக்குள் தெரியும் அந்த இரண்டாவது அறையில் பாய் விரித்துப் படுக்க எவராலும் இயலாது. சிறிய இடத்தில் வாழ நேர்ந்தவர்களுக்கு இந்த அறிவுரைகளால் விளையும் நன்மை சிறிது. அவை மறைக்கும் உண்மையோ பெரிது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இவ்வகை எழுத்துகளெல்லாம் மேற்கோளாகக் காட்டும் வீடு ஒன்று ஆங்காங்கில் உள்ளது. சாய் வான் ஹோ பகுதியில் ஓர் அடுக்ககத்தில் கேரி சாங் என்ற கட்டடக் கலைஞரின் வீடு அது. பரப்பளவு 32 சதுர மீட்டர், அதாவது 344 சதுர அடி. 2007ஆம் ஆண்டளவில் அவர் அதனைப் புதுப்பித்து முடித்தபோது உலகெங்குமிருந்து செய்தியாளர்கள் வந்து பார்த்தார்கள். கூரையில் பதித்த இரும்புத் தண்டவாளங்களில் சுவர்கள் தொங்குகின்றன. ஒரு சுவரை இழுத்தால் சமையலறை வெளிப்படும். மற்றொன்றை நகர்த்தினால் குளியல் தொட்டி தெரியும். இன்னொன்றைத் தள்ளிக் கட்டிலை இறக்கினால் படுக்கையறை. இவ்வாறு 24 விதமாக அவ்வீட்டை மாற்றியமைக்கலாம். சாளரத்துக்கு மஞ்சள் நிறக் கண்ணாடி, மங்கிய நாளிலும் வெயில் அடிப்பது போன்ற தோற்றம் தருவதற்காக. அந்த மனிதரின் திறமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. வியக்கத்தக்க வேலை அது.

ஆயினும் அதே வீட்டின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. சாங் தம் 14ஆம் வயதிலிருந்து அங்கே வாழ்கிறார். அப்போது அவருடைய பெற்றோரும் தங்கையர் மூவரும் அவருமாக ஆறு பேர் அங்கே இருந்தனர். தடுக்கப்பட்ட மூன்று சிறு அறைகளில் ஒன்றைப் பெற்றோர் வைத்துக்கொண்டனர். மற்றொன்று தங்கையருக்கு. மூன்றாவதை வெளியாள் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். மகன் நடைவழியில் சோபாக் கட்டிலில் உறங்கினான். பின்னர்க் குடும்பத்தார் வேறிடம் சென்றனர். 1988இல் சாங் அவ்வீட்டை விலைக்கு வாங்கி, ஒரே ஆளாக இருந்துகொண்டு, பல முறை இடித்துக் கட்டினார். கடைசிப் புதுப்பிப்புக்கு மட்டும் 2 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாயிற்று.

இப்போது கேட்போம்: அவ்வீட்டில் 24 அறைகள் எங்கிருந்து வந்தன? தண்டவாளங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஆறு பேர் வெளியேறியதால் வந்தன. ஒருவர் மட்டும் வாழும் வீட்டில், அவர் குளிக்கும்போது சமையலறை தேவையில்லை. சமைக்கும்போது கட்டில் தேவையில்லை. ஆகவே ஒரே இடம் மாறி மாறிப் பல அறைகளாகலாம். தாய் சமைத்துக்கொண்டிருக்க, பாட்டி படுத்திருக்க, மகள் தேர்வுக்குப் படிக்க, தந்தை இரவு வேலை முடிந்து வந்து கண்ணயரும் வீட்டில் எந்தச் சுவரை எந்தப் பக்கம் நகர்த்துவது? நான்கு தேவைகளும் ஒரே வேளையில் எழும்போது மாயச் சுவர் உதவாது. இதனை அலங்காரப் பக்கங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. படங்களில் ஒருவர் இருப்பார், மிஞ்சினால் இருவர். குழந்தையின் தொட்டில் தெரியாது. எரிவாயு உருளை தெரியாது. தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள், மழைக்காலத்தில் அறைக்குள் கட்டிய கொடியில் காயும் துணிகள், மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள் ஆகிய எவையும் தெரியா.

அதே ஆங்காங்கில், கூறுபோட்டு வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதாக அரசே கணக்கிட்டிருக்கிறது. ஒரு வீட்டை நான்காக ஐந்தாகப் பலகையால் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு குடும்பத்தைக் குடியேற்றுவது அங்கே நெடுங்கால வாணிபம். 2025இல் அந்நகரச் சட்டமன்றம் இதற்கு ஒரு வரம்பு விதித்தது. 8 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பும் சாளரமும் தனிக் கழிப்பறையும் இருந்தால்தான் அத்தகைய கூற்றை வாடகைக்கு விடலாம் என்றது. எட்டுச் சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 86 சதுர அடி. பிரான்சில் 2002ஆம் ஆண்டு ஆணை ஒன்று, முதன்மை அறைக்கு 9 சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் வேண்டும் என்று வரையறுத்தது. பாரிசின் பழைய மாளிகைகளில் மேல்மாடிக் கூரைக்கடியில் பணிப்பெண்களுக்கென்று கட்டிய சிற்றறைகளைத்தான் இன்று பலர் 'ஸ்டுடியோ' என்று அழகிய பெயரிட்டு வாடகைக்கு விடுகின்றனர். பணிப்பெண்ணின் அறையாக இருந்தபோது அதனை எவரும் அழகென்று சொல்லவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறுமையைப் புகழ்வோர் அடுத்ததாக லெ கொர்புசியேவை அழைத்து வருவார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும் கட்டடக் கலைஞரான அவர், தமக்கென்று மத்தியதரைக் கடலோரத்தில் கட்டிக்கொண்டது 3.66 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு மரக்குடிலே. அது 1952இல் எழுந்தது. 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பார்த்தீர்களா, மேதைக்குப் பன்னிரண்டு அடிச் சதுரம் போதுமானதாயிற்று என்பார்கள். அக்குடிலில் சமையலறை இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒட்டியே ஓர் உணவகம் இருந்தது. குடிலிலிருந்து அதற்குள் செல்ல ஒரு கதவும் இருந்தது. சோறு அங்கே. முன்னால் கடல். அது கோடை விடுமுறைக் குடில். நிலையான இல்லம் பாரிசில் இருந்தது.

இதே கலைஞர்தாம் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே லா தூரெத் என்னும் தொமினிக்கன் துறவியர் மடத்தைக் கட்டினார். 1960இல் அது முடிந்தது. அங்குள்ள துறவியர் அறைகள் 1.83 மீட்டர் அகலமே கொண்டவை. இருபுறமும் கை நீட்டினால் இரண்டு சுவர்களையும் தொடலாம். நம் மறையுரைகளில், சிறிய வீட்டின் புனிதம் பற்றியும் நாசரேத்தூர்க் குடும்பத்தின் எளிமை பற்றியும் துறவியின் சிற்றறை பற்றியும் அடிக்கடி கேட்கிறோம். குடிசைமாற்றுக் குடியிருப்பிலிருந்து வந்து பின்வரிசையில் நிற்கும் மக்களும் அதனைக் கேட்கிறார்கள். துறவியின் அறை சிறிதுதான். ஆனால் அவ்வறைக்குத் தனி முகப்பு மாடம் உண்டு. அதற்கப்பால் மரங்கள் உண்டு. கதவைத் திறந்து வெளிவந்தால் நெடிய நடைவழி, நூலகம், உண்ணும் கூடம், பேரவைக் கூடம், உயர்ந்த ஆலயம். துறவி உறங்குவதும் தனித்துப் படிப்பதும்தான் அந்த ஆறடி அகலத்தில். வாழ்வது மடம் முழுவதிலும். அத்துடன் அவர் தாமே விரும்பி அங்கே வந்தவர். ஐந்து குழந்தைகளோடு வரவில்லை. மடத்தின் மற்றப் பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு அறையை மட்டும் எடுத்துவந்து, 'இதோ எளிமையின் அழகு' என்று ஏழைக் குடும்பத்துக்குப் போதிப்பது நேர்மையன்று. ஒருவர் தேர்ந்துகொண்ட எளிமைக்கும் ஒருவர்மேல் சுமத்தப்பட்ட நெருக்கடிக்கும் ஒரே பெயரிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம், நகர்ப்புறத்தில் நலிவுற்ற பிரிவினரின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர் வரையிலான உள்பரப்பை அளவாக வைத்தது. சாங்கின் புகழ்பெற்ற வீட்டுக்கு இரண்டு சதுர மீட்டர்தான் குறைவு. ஆனால் இதில் முழுக் குடும்பமும் வாழவேண்டும். சென்னையின் பழைய வாரியக் குடியிருப்புகளில் இதனினும் சிறியவை ஏராளம். இத்தகைய வீட்டைப் புதுப்பிக்க, மகளின் திருமணத்தை முன்னிட்டோ சீட்டுப்பணம் கைக்கு வந்ததாலோ, ஒரு குடும்பம் துணிகிறது என்று கொள்வோம். அப்பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போகிறது. பிறகு வண்ண விளக்குகளுக்கு. அதன்பின் தொலைக்காட்சியைச் சுற்றிய ப்ளைவுட் ஷோகேசுக்கு.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாழும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அதாவது ஒன்பது அடி. சிறிய வீடுகள் பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டியே கட்டப்படுகின்றன. அதில் முக்கால் அடியை ஜிப்சம் பலகைக்குப் பறிகொடுத்தால் மின்விசிறி தலைக்கருகே இறங்கும். மேலே தேங்கவேண்டிய சூடு ஆட்கள்மேல் தேங்கும். மேல்மாடி வீட்டில் வெயிலைத் தடுக்கவே இப்பலகை என்று சிலர் சொல்லக்கூடும். வெயிலை மொட்டை மாடியிலேயே தடுக்கவேண்டும். தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலே சூடு குறையும்; செலவும் சில ஆயிரம்தான்.

சாளரத்தின் கதை இதனினும் வருந்தத்தக்கது. அதே விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் சாளரத் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஐந்தடிக்கு நான்கடிச் சாளரம். நம் மக்கள் செய்வது என்ன? இருக்கின்ற மரச் சாளரத்தைப் பெயர்த்தெறிந்து அலுமினியத் தள்ளு சாளரம் வைக்கிறார்கள். இரு கதவுத் தள்ளு சாளரத்தை முழுவதும் திறந்தாலும் பாதி மூடியே இருக்கும். ஒரு கதவு மற்றொன்றின் பின்னே நிற்கிறதே! பணம் கொடுத்துக் காற்றைப் பாதியாக்கிக் கொண்டோம். பிறகு மீதிப் பாதியின் முன்னால் பீரோவை நிறுத்துகிறோம். (அதற்கு வேறிடம் இல்லை என்பதையும் அறிவோம்.)

ஓதம் ஏறிய சுவரின் கதையும் அவ்வாறே. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிகிறது. அதனைச் சரிசெய்ய மேல்வீட்டாரோடு பேசவேண்டும், வாரியத்துக்கு நடக்கவேண்டும். அது கடினம். ஆகவே சுவரில் வால்பேப்பர் ஒட்டுகிறோம், அல்லது பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணம் பூசுகிறோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. அதே சுவரோரம் படுக்கும் குழந்தைக்கு இருமல் ஓய்வதில்லை. கசிவை அடைத்து, சுவர் நன்கு உலரும்வரை பொறுத்து, சுண்ணாம்பு பூசுவது அழகுக் குறிப்புகளில் இடம்பெறாத வேலை. அதனைப் படமெடுத்துக் காட்ட முடியாதல்லவா?

ஒற்றையறை வீட்டில் பணம் செலவிட வேண்டிய இடங்கள் சிலவே. அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் விசிறி முதலாவது. தாளிப்புப் புகையும் நீராவியும் படுக்கைத் துணிவரை செல்லும் வீட்டில் அதுவே மருந்து. தரையை அடைக்காமல் சுவரோடு மேலேறும் அலமாரியும், கதவுக்கு மேல் ஒரு பரணும் அடுத்தவை. படிக்கும் பிள்ளைக்குத் தனி விளக்கு வேண்டும். உடைமாற்ற ஒரு திரை வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருக்கும் ஒற்றையறையில் அத்திரையின் மதிப்பை எந்த அலங்கார நூலும் எழுதியதில்லை. மடக்குக் கட்டிலைப் பொறுத்தவரை, பாயை விடிந்ததும் சுருட்டி வைக்கும் குலத்தில் பிறந்த நமக்கு அதனை எவரும் வெளிநாட்டிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

"ஏழைக்கு அழகு வேண்டாமா? ஷோகேசும் வண்ண விளக்கும் வசதியுள்ளவர்க்கு மட்டும்தானா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. ஏழையின் வீட்டில் அழகு எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறது. திரு இருதயப் படத்தின் முன்னே எரியும் சிறு சிவப்பு விளக்கும், வாசலில் இழைத்த கோலமும், டிசம்பரில் பழைய அட்டைப்பெட்டியில் எழும் குடிலும், வாயிலில் தொங்கும் மூங்கில் விண்மீனும் எந்த அலங்கரிப்பாளரும் கற்பிக்காதவை. மூச்சு முட்டாத வீட்டில் அவை இன்னும் ஒளிரும். நாம் எதிர்ப்பது அழகையன்று. இடப்பற்றாக்குறையைக் கைத்திறன் பற்றாக்குறையாகத் திரித்துக் காட்டுவதையே எதிர்க்கிறோம். 'உங்கள் வீடு சிறியதன்று, உங்களுக்கு ஒழுங்குபடுத்தத் தெரியவில்லை' என்று ஒரு தாயிடம் சொல்வது, கட்டியவரையும் திட்டமிட்டவரையும் வாடகை வாங்குபவரையும் விடுவித்து, குற்றத்தை அவள் தலையில் ஏற்றுவதாகும். அவள் நாள்தோறும் பத்து முறை அந்த அறையை ஒழுங்குபடுத்துகிறாள்.

லா தூரெத் மடத்தின் அமைப்பை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். சிறிய அறையைத் தாங்கத்தக்கதாக்கியது அதனைச் சூழ்ந்த பொதுவிடம். நம் பங்குகளில் பொதுவிடம் இல்லையா? ஏறத்தாழ ஒவ்வொரு நகரப் பங்கிலும் சமூகக் கூடம் ஒன்று நிற்கிறது. மக்களின் காணிக்கையில் எழுந்தது. திருமணத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்குத் திறக்கும். மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும். அதன் மதில் ஓரத் தெருவிலேயே, தொலைக்காட்சி இரைச்சலுக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே, மடியில் நூலை வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி படித்துக்கொண்டிருப்பாள். அவ்வீட்டில் இல்லாத அந்த இரண்டாவது அறை, நம் பெயரில், நம் பணத்தில், ஐம்பது அடி தொலைவில் பூட்டப்பட்டுள்ளது.

பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்தில் இதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோருகிறோம். மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கூடத்தைத் திறந்து வைக்க, நான்கு குழல் விளக்குகளும், இரு விசிறிகளும், மடக்கு மேசைகள் சிலவும், பொறுப்பேற்கும் பொதுநிலையினர் இருவரும் போதும். பெண் பிள்ளைகள் இரவில் வீடு திரும்பத் துணை வேண்டும். அதற்கு அன்பியங்கள் முறைவைத்துக் கொள்ளலாம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரட்டும். மின்கட்டணம் யார் செலுத்துவது என்ற கேள்வி உறுதியாக எழும். சென்ற திருவிழாவின் சீரியல் விளக்குகளுக்கான மின்கட்டணத்தை யார் செலுத்தினார்களோ அவர்களையே கேட்கலாம்.