மஞ்சளோடு சண்டையில்லை, மேடையோடுதான்



நம்ம ஊர்க் கல்யாணங்களில் இப்போது நிகாஹ்வுக்கு முதல்நாள் "ஹல்தி நைட்" என்று ஒன்று வந்திருக்கிறது. மஞ்சள் உடுப்பு, மஞ்சள் பூ, மஞ்சள் மேடை, மேலே ட்ரோன் கமரா. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "இந்தியன் கல்ச்சர் ரீல்ஸ் பார்க்கிறல்லயா சேர்?" என்கிறார்கள்.

பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உடனே "இது இந்துக் கலாசாரம்" என்று கொமெண்ட் போடும் சகோதரர்களோடு நான் இல்லை. மஞ்சளுக்கு மதம் கிடையாது. ஹைதராபாத் முஸ்லிம்களிடம் மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசும் மாஞ்ஜா இருக்கிறது. தமிழ்நாட்டு இந்துக்களிடம் நலங்கு இருக்கிறது. அது அவர்கள் வீட்டுப் பெண்கள் கூடிச் செய்வது. அதற்கு மேடை தேவைப்பட்டதில்லை.

என் சண்டை, இந்தியா முழுவதையும் ஒரே கல்யாணமாகச் சுருக்கும் அந்தக் கன்டென்டோடு. அதில் வரும் ஹல்தியும் சங்கீத்தும் பெரும்பாலும் வட இந்தியப் பணக்கார வீட்டுக் காட்சிகள். 1994இல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்', 1995இல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்று சினிமா அதைப் பாட்டும் ஆட்டமுமாகப் பரப்பியது. இன்று ரீல்ஸ் அதையே அரை நிமிடத் துண்டாக்கி, "அன்றாடப் பாரம்பரியம்" என்று பெயர் போடுகிறது. கீழே டேக் பண்ணியிருப்பது யாரை என்று பாருங்கள்: உடுப்புக் கடை, மேக்கப், மேடை அலங்காரம். அது விளம்பரம்.

உண்மையில் நமக்குக் கிட்டிய இந்தியா காயல்பட்டினம். அங்கேயும் நம்ம கிழக்கைப் போல மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறார். நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் இன்றும் கொடியேறுகிறது. இந்த உறவைப் பற்றி நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வீடியோ செய்திருக்கிறார்கள்?

தரம் 10 மாணவிகளிடம் "எமது ஊர்த் திருமணம்" எழுதச் சொன்னேன். ஹல்தி மேடை வந்தது. குரவை வரவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் நம்ம பெண்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல் பாடிய பெண்களின் பேத்திகள்தான் இன்று ஹிந்திப் பாட்டுக்கு வாயசைக்கிறார்கள்.

"சும்மா ஒரு சந்தோசம்தானே சேர்?" என்பீர்கள். பில் யாருக்குப் போகிறது? ஏற்கனவே மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கவென்று கட்டாரில் வெயில் காயும் வாப்பாவுக்கு. சீதனத்தை எதிர்த்துப் பேசும் நாமே, பெண் வீட்டார் தலையில் இன்னொரு செலவை "கலாசாரம்" என்று ஏற்றுகிறோம். இன்று ஆசையாகச் செய்வது, இரண்டு வருடத்தில் கட்டாயமாகிவிடும். செய்யாத வீட்டுப் பிள்ளைதான் கூனிக்குறுகும்.

ஃபோன் வைத்திருக்கும் பிள்ளைகளே, கன்டென்ட் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. உம்மம்மாவிடம் போய் மருதோன்றி எப்படி அரைத்தீர்கள், பன்பாய் எப்படி இழைத்தீர்கள், குரவை எப்போது போட்டீர்கள் என்று கேட்டுப் பதியுங்கள். அதற்குக் காசு செலவில்லை. ஆனால் அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

பெற்றோரே, மண்டபம் பேசப் போகும்போது ஹல்தி பெக்கேஜ் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் சொல்வது வசதியுள்ள வீடாக இருக்கட்டும். மற்ற வீடுகளுக்கு மூச்சு வரும்.