கோப்பிக்கடை வைபை

வீட்டுக்கு இணைப்பு வரும்வரை, கபோவில் நம்மவர் சிலர் மடிக்கணினியோடு கோப்பிக்கடையில் இருக்கிறோம். பிள்ளைகளின் பாடம், ஊரோடு கதைப்பது, வதிவிட அனுமதி அலுவல் எல்லாம் அங்கேதான்.

2005இல் இலண்டன் குண்டுவெடிப்புகளின் பின் இத்தாலியில் வந்த பிசானு சட்டத்தால், கடைக்காரர் அடையாள அட்டை பார்த்தே இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 2011 தொடக்கத்தோடு நீங்கியது. பொது வைபைக்கு ஆளடையாளம் தேவையில்லை என 2013ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. எனவே வைபைக்கென்று அட்டையின் பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். (வற்புறுத்தினால் கடையை மாற்றுங்கள், கோப்பி எங்கும் கிடைக்கும்.)

நமது பயம் வேறு. பக்கத்து மேசைக்காரர் தன் தொலைபேசி இணைப்புக்குக் கடையின் பெயரையே வைத்தால், நமக்கு வித்தியாசம் தெரியாது. சரியான பெயரைக் கடைக்காரரிடமே கேளுங்கள். விண்டோஸ் கேட்டால் ‘பொது’ என்று தெரிவுசெய்யுங்கள். முகவரியில் எச்.ரீ.ரீ.பி.எஸ். இருந்தால் நாம் அனுப்புவதை இடையிலிருப்பவர் வாசிக்க முடியாது. ஆனால் போலித் தளத்திலும் அந்த எழுத்துகள் இருக்கலாம். வங்கி, அனுமதி விண்ணப்பம் இரண்டுக்கும் நம் சொந்த சிம் இணைப்பையே பாவிப்போம்.

எழும்பும்போது அந்த வைபையைக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரைக் கண்ட இடத்தில் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.