கொடுவாவுக்கு எத்தனை ரூபாய்த் தூண்டில்?

பழவேற்காட்டுக்குத் தூண்டிலோடு வரும் சென்னைக்காரர்கள் பலருக்கும் ஒரே மீன்தான் குறி: கொடுவா. வங்காளிகள் பேட்கி என்றும் ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்றும் கொண்டாடும் மீன் இது. ஆனால், இந்தச் சென்னைக்காரர்களின் தோளில் தொங்கும் கோலிலும் பெட்டியிலும் பெரும்பாலும் ‘பாஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் வேறொரு மீன். படகில் உட்கார்ந்து, உப்பில்லாத நீரில், குறுகிய தூரம் வீசுவதற்கென்று வடிவமைத்த சாமான் அது. அதற்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கொட்டிவிட்டுப் பழவேற்காட்டில் வந்து நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் கொடுவா பிடிக்க ஆறாயிரம் ரூபாய் போதும். அதிலும் எதற்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதலில் நிற்கும் இடம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. ஆகவே வெளியூர்க்காரர் கரையில் நின்று வீசுபவர். கரையிலிருந்து வீச, பாஸ் கோலின் ஆறரை அடி பற்றாது. எட்டிலிருந்து ஒன்பது அடி வேண்டும். கார்பன் கோல் இலகுவானது, கைக்குச் சுகமானது. ஆனால் கல்லில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகு பெரிய மீன் இழுக்கும்போது பட்டென்று ஒடியும். கண்ணாடி இழைக் கோல் கனம்தான். முரட்டுக் கைக்கு அதுவே தாங்கும். கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த கோல் 1,800 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது நூல் ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கினால் வளையத்தில் விரிசல்; அந்தக் கோலை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ரீல் விஷயத்தில்தான் விளம்பரம் அதிகம் ஏமாற்றுகிறது. பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மலிவு ரீலில் பேரிங் கூடக் கூட, உப்பு போய் உட்கார்ந்து துருப்பிடிக்கும் இடங்களும் கூடுகின்றன, அவ்வளவுதான். நாலைந்து பேரிங் உள்ள 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், சுமார் 2,500 ரூபாய்க்கு வருவது, நன்றாகவே உழைக்கும். பார்க்க வேண்டியது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி. அதை இறுக்கி, நூலைக் கையால் இழுத்தால் வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வரவேண்டும். கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும் மீன். டிராக் திக்கினால் அந்த உதறலிலேயே நூல் போய்விடும். வேலை முடிந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பழவேற்காடு நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் ஊர். வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் கொண்டுபோவது மரியாதை.

இனி நூல். கஞ்சத்தனம் கூடாத இடம் இது ஒன்றுதான். பின்னல் நூலில் 30 பவுண்டு இழுவை தாங்குவது ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர் தடிமன்தான். அதே பலமுள்ள நைலான் நரம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிக்கும். மெலிந்த நூல் தூரம் போகும். ஆனால் சிப்பியில் உரசினால் பின்னல் நூல் நொடியில் அறுந்துபோகும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்போ சவர பிளேடு. எனவே நூலின் நுனியில் ஒரு மீட்டருக்கு 50, 60 பவுண்டு நைலான் நரம்பைக் கட்டியே ஆக வேண்டும். மீன் கண்ணுக்குப் புலப்படாது என்று சொல்லி விற்கும் விலையுயர்ந்த ஃபுளோரோகார்பன் இந்தக் கலங்கல் தண்ணீருக்கு எதற்கு? காசிமேட்டுக் கடையில் அளந்து தரும் சாதாரண நரம்பே போதும். நூலுக்கும் நரம்புக்கும் 1,200, முள், ஈயம், ஸ்விவல் எல்லாவற்றுக்கும் 500. கணக்கு ஆறாயிரத்தில் முடிகிறது.

மலிவுச் சாமானில் பெரிய மீன் வருமா என்று கேட்பவர்களுக்கு அந்த பாஸ் மீனின் வரலாறே பதில் சொல்கிறது. பெருவாய் பாஸின் உலக சாதனை 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் படைக்கப்பட்டது. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. பிடித்தவர் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி. பெருமந்தக் காலம்; அவருக்கும் உடன்போன நண்பருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோலும் ரீலும்தான். சாதனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அந்த எடையைத் தொடும்வரை 77 ஆண்டுகள், எத்தனையோ ஆயிரம் டாலர் ரீல்களால் பெர்ரியின் சாதனையை எட்ட முடியவில்லை.

பழவேற்காட்டிலும் கொடுவா பிடிக்கத் தெரிந்தவர்களிடம் ரீல் இருப்பது அபூர்வம். நரம்பு, முள், உயிர் இறால், கை, அவ்வளவே. இறாலின் கதை தனி. இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். மிச்சம் பிடித்த காசில் பிளாஸ்டிக் இரை வாங்குவதைவிட அவர்களிடம் இறால் வாங்குவது புத்திசாலித்தனம். அதற்கு மேல் மீன் மறுக்காத இரை கிடையாது.

எங்கே வீசக் கூடாது என்பதையும் ஊராரிடம்தான் கேட்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை நடக்கிறது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒருவருக்குப் பாடு வரும் நாளில் அவர் வலையில் வெளியூர்க்காரரின் மும்முள் போய் மாட்டிக் கிழித்தால், அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். தமிழ்நாட்டுப் பகுதியில் ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் வனத்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அறுந்த நூலைக் கரையில் விட்டுவிட்டு வருவது இங்கே சின்னக் குற்றம் அல்ல. பின்னல் நூல் மக்காது, பூநாரையின் கால் மெலிது.

பெரிய கொடுவா கிடைத்தால் என்ன செய்வது? கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120-க்கு மேற்பட்டதையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்களாவது அதை இங்கே பின்பற்றலாம். சாப்பாட்டு மேசைக்கு வளர்ப்பு மீன் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துவிட்டது.

எல்லோரும் கோல் வாங்கித்தான் ஆகவேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியது. வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறவர் ஆறாயிரம்கூடச் செலவழிக்கத் தேவையில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ பத்து செட் கண்ணாடி இழைக் கோல்களை வாங்கி வைத்து, கரையில் எங்கே நிற்கலாம், எந்த நீரோட்டத்துக்கு எந்தப் பக்கம் வீசலாம் என்று சொல்லித்தர ஊர்ப் பையன் ஒருவரையும் சேர்த்து வாடகைக்கு விடலாம். செட்டுக்கு நாள் வாடகை 200 ரூபாய் என்று வைத்தால் முப்பது நாளில் முதல் திரும்பிவிடும். இறால் காசும் சொல்லித்தரும் கூலியும் தனி.