கடையில் ஆள் வைத்திருக்கிறீர்களா?

கேள்வி: ‘‘மணப்பாறை நகரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். சொந்த நிலத்துக் கடலையையும் எள்ளையும் மரச்செக்கில் ஆட்டி விற்கிறேன். கடையில் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே? சிறிய கடைக்கும் அது பொருந்துமா?’’

பதில்: பொருந்தும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ம் ஆண்டிலேயே வந்தது. 2021-ல் அதில் 22-ஏ என்ற பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். கேரளா 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் கொண்டு வந்துவிட்டது. உங்கள் கடை நகராட்சி எல்லைக்குள் இருப்பதால் நீங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். வயல் வேலைக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆனால், கடையைச் சேர்ந்த குடோனுக்கு உண்டு.

நாள் முழுக்க உட்கார வைக்கச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லோருக்கும் இருக்கை இருக்கவேண்டும். பில் போடும் இடத்திலும், பாட்டில் நிரப்பும் மேசையருகிலும் உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல் போடுங்கள். வாடிக்கையாளருக்குப் போட்ட நாற்காலியைக் கணக்கில் காட்டாதீர்கள். ‘உட்கார்ந்தால் வேலை ஓடாது’ என்பார்கள். மணிக்கணக்கில் நிற்பவருக்குக் கால் வீக்கமும் முதுகுவலியும் வந்து, அவர் விடுப்பு எடுத்தால் வேலை எப்படி ஓடும்?

இதே சட்டத்தில் முன்பிருந்தே உள்ள சிலவற்றையும் சரிபாருங்கள்:

* வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

* 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், இடையில் 1 மணி நேரம் ஓய்வு.

* 14 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கவே கூடாது.

* தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை, ‘கடலை வரத்து இல்லை, நாளை முதல் வரவேண்டாம்’ என்று திடீரென நிறுத்த முடியாது. நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கான சம்பளமோ தரவேண்டும்.

வருகையையும் சம்பளத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். தகராறு வந்தால் இரு தரப்புக்கும் அதுதான் சாட்சி. சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நகரத்துத் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்பவர்களில் பலர் நம் கிராமத்துப் பிள்ளைகள்தான். அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று நாம் நினைப்பதை, நம் கடையில் முதலில் கொடுத்துவிடுவோம்.