புழக்கடைத் தழையும் கிளுவை வேலியும்

காங்கேயம் வட்டாரத்தில் பத்து, இருபது ஏக்கர் பூமியுடைய குடியானவர்களில் அநேகர் கறிவேப்பிலையையும் கொத்தமல்லித் தழையையும் சந்தையிலே வாங்குகிறார்கள். கொசுறாகக் கிடைப்பதற்கு ஏன் சிரமப்பட வேண்டும் என்று இதற்குச் சமாதானமும் கூறப்படுகிறது. அந்தக் கொசுறோடு பூச்சிமருந்தும் வீட்டுக்கு வந்து சேரலாம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. விற்பனைக்கென்றே பயிரிடும் தோட்டங்களில், மருந்து தெளித்துப் போதிய நாள் கழியுமுன்னரே இலை பறிப்பதுண்டு. 2019-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட இறக்குமதி விதிகளில், மருந்து எச்சத்துக்காக விசேஷமாய்ப் பரிசோதிக்க வேண்டிய சரக்குகளுள் இந்தியக் கறிவேப்பிலையும் சேர்க்கப்பட்டது. அயலார் சோதித்து வாங்குவதை நம்மவர் சோதியாமலே தாளிக்கிறார்கள்.

தண்ணீர் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். வானம் பார்த்த சீமையில் இது நியாயமே. ஆயினும் அரிசி பருப்பு களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் ஒவ்வொரு வீட்டிலும் தினந்தோறும் வெளியேறுகின்றன. இவ்வட்டாரத்தார் பொடக்காலி என்று வழங்கும் புழக்கடையில் இரண்டு கறிவேப்பிலைச் செடிக்கும் ஒரு சிறு புதினாப் பாத்திக்கும் அது போதும். சோப்பு நீரை மட்டும் வேறு வழியே விட்டுவிடுவது நலம். கறிவேப்பிலை மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு கண்டால் கையால் பொறுக்குவதே போதுமானது. இரண்டு செடிக்கு மருந்து எதற்கு? மல்லி விதையை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைத்தால், சுமார் நாற்பது நாளில் தழை கிடைக்கும். கோடையில் அது சீக்கிரம் பூத்துவிடுமாதலால் ஐப்பசி முதல் தை வரையில் விதைப்பது உசிதம்.

புழக்கடையைவிட வருந்தத்தக்கது வேலியின் கதி. கொரங்காடுகளைச் சுற்றி முன்னோர் வைத்த கிளுவை வேலி ஆடுமாடுகளை அடக்கி வைப்பதோடு நிற்பதில்லை. பிரண்டையும் முடக்கற்றானும் தூதுவளையும் கோவையும் பாத்தியின்றி, பாய்ச்சலின்றி அதில்தான் படர்கின்றன. அதைப் பிடுங்கிவிட்டுக் கல்காலும் முள்கம்பியும் நடுகிறவர்கள் வேலியோடு ஒரு கீரைத் தோட்டத்தையும் தொலைக்கிறார்கள். அப்புறம் அதே பிரண்டையைக் கட்டுக்கட்டாய் விலைக்கு வாங்குவது விந்தையே! கம்பி வேலி போட்டே தீரவேண்டியவர்களும் ஒரு பக்கத்துக் கிளுவையையாவது விட்டுவைக்கலாகாதா?

சமையலிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மல்லித் தழையைக் கொதியில் போட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். பாத்திரத்தை இறக்கிய பின்னரே தூவ வேண்டும். கொங்கு வீடுகளில் பச்சைப்புளி ரசத்தை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. புளிக்கரைசலில் சின்ன வெங்காயத்தோடு தழைகளையும் கசக்கிப் போடுவதால், தழை அன்று பறித்ததா, வாடியதா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பிரண்டையின் நமைச்சல் அடங்க, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நன்றாய் வதக்கிப் புளி சேர்த்தரைக்க வேண்டும். முடக்கற்றானைத் தோசை மாவோடு அரைப்பது சுலபம். கறிவேப்பிலையைச் சாப்பாட்டு இலையின் ஓரத்தில் ஒதுக்குகிற வழக்கம் வீண். துவையலாகவோ பொடியாகவோ செய்தால் முழுவதும் உள்ளே போகும்.

பள்ளிக்கூடங்களின் சத்துணவுக் கூடங்களிலும் அலம்பிய நீர் வீணே ஓடுகிறது. கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் மனம் வைத்தால் அங்கும் நாலு கறிவேப்பிலைச் செடி நிற்கும். அதன் பழம் ஆடி வாக்கில் கறுத்துப் பழுக்கிறது. விதையின் முளைப்பு வெகுநாள் தங்காதாகையால், சதையைக் கழுவி உடனே பைகளில் ஊன்றிவிட வேண்டும். மறு வருஷம் அவை நடுகிற கன்றாகிவிடும்.